நட்சத்திரம் இல்லாமல் அச்சேறிய சொல்

அகராதி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டார். முப்பத்தோரு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து எழுந்தவள் என்பதுதான் என் ஒரே தகுதி. இப்போது ராயபுரத்தில் காலையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியோடு வம்பு என்று சௌக்கியமாக இருக்கிறேன். முட்டி வலி உண்டு, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அதனால் என்னிடம் புலம்பலை எதிர்பார்க்காதீர்கள். பிழை திருத்துவதையும் அட்டவணை போடுவதையும் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது என் கையால் நடந்த ஒரு தப்பு. ஒரு மனுஷருக்கு ஊர்ச்சபையில் கிடைக்க வேண்டிய இடத்தை அது தட்டிப் பறிக்கப் பார்த்தது.

அப்போது பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சொல்வரலாற்றுத் தொகுதி தயாரித்துக்கொண்டிருந்தோம். பதவி, பட்டம், அந்தஸ்து ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் உலக மொழிகளில் எங்கிருந்து வந்தன என்பது விஷயம். ஐரோப்பியப் பகுதி என் தலையில் விழுந்தது. அதில் ஒரு சொல் 'அம்பாக்தோஸ்'.

கெல்ட் என்று ஒரு மக்கள் கூட்டம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பரந்து கிடந்தது. அவர்கள் பேசிய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. மகள் மொழிகளை வைத்துத் தாயை நாம் ஊகிக்கிறோம். நாலு அண்ணன் தம்பிகளின் மூக்கைப் பார்த்துவிட்டு, செத்துப்போன தாத்தாவுக்கும் இப்படித்தான் மூக்கு இருந்திருக்கும் என்று சொல்வது மாதிரி. வேல்ஸ் மொழியில் இந்தச் சொல்லின் வாரிசுக்கு உழவன் என்று அர்த்தம். பழைய பிரான்சுப் பகுதியில் ஒரு பிரபுவைச் சுற்றி இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவன் பெருமையை அளந்தார்கள் என்று ரோமப் படைத்தலைவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஜெர்மானியர்கள் இதைக் கடன் வாங்கி முதலில் பணியாள் என்றார்கள், அப்புறம் அரசாங்கப் பதவி என்றார்கள். தூதரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து சேர்கிறது. பழைய லத்தீன் குறிப்பு ஒன்று மட்டும் 'அடிமை' என்று ஒரே போடாகப் போடுகிறது. வேரைப் பிரித்தால் 'சுற்றி அனுப்பப்பட்டவன்' என்று வரும். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

இப்படி மகள்களை வைத்து ஊகித்துக் கட்டிய தாய்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது நம் தொழிலின் வழக்கம். இதை எழுத்தில் யாரும் பார்த்ததில்லை, நாங்களாகக் கட்டியது என்று அதற்குப் பொருள். முதல் நாளே உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

அச்சுக்குப் போக வேண்டிய வாரம். பக்கம் அமைப்பவர் போன் பண்ணி, "மேடம், இங்க ஒரு ஸ்டார் இருக்கு, அதுக்கு அடிக்குறிப்பு காணோமே" என்றார். நான் விளக்க வாயைத் திறந்தேன். தலைமைப் பதிப்பாசிரியர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைங்க குழம்பும்மா, எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். பக்கத்தில் இடம் போதவில்லை என்றார்கள், 'எனக் கருதலாம்' என்ற இரண்டு வார்த்தையையும் எடுத்தேன். பிறகு உழவன் போனான், பதவி போனது, தூதர் போனார். கடைசியில் 'அம்பாக்தோஸ்: அடிமை' என்று மொட்டையாக நின்றது.

அதோடு விட்டேனா? ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் 'நம் ஊரில்' என்று ஒரு வரி சேர்ப்பது எங்கள் வழக்கம். அந்த வரி எழுதுவதில் எனக்கு அலாதியான தெம்பு. என் அப்பா தெற்கே திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, மீனவக் குப்பத்துக்குப் போகிற வழியில் மளிகைக் கடை போட்டவர். கடை வாசலிலேயே வளர்ந்தவள் நான். குப்பத்தில் ஊர்க்கூட்டம் என்றால் ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். பரம்பரையாக ஒரே குடும்பத்துக்குத்தான் அந்த வேலை. அவர் கடையைத் தாண்டிப் போவதை நூறு தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட நின்று பேசியதில்லை. ஆனாலும் எழுதினேன்: 'வடசென்னை மீனவக் குப்பங்களில் தலைவர்களின் ஏவலுக்கு வீடு வீடாகச் சுற்றும் பரம்பரைக் குடும்பத்தாரும் இத்தகையோரே.' எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வரி பிரமாதமாக வந்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டே குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த டீ கசக்கிறது.

முதல் கட்டமாக நூற்றுப் பதினேழு பிரதிகள் வடசென்னைப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போயின. மீதி கிடங்கில் இருந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒரு புதன்கிழமை காலை ஒரு இளம்பெண் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். பெயர் தேவி. எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நான் எழுதிய பக்கத்தின் படம். 'நம் ஊரில்' வரிக்குக் கீழே யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

"இத்த எயுதுனது யாரு மேடம்?"

"நான்தான்."

"எங்க நைனாவ உங்களுக்குத் தெரியுமா? கன்னியப்பன்னு பேரு."

"தெரியாதும்மா."

"ஆளே தெரியாமதான் அடிமைன்னு எயுதுனீங்களா?"

எடுத்த எடுப்பில் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். உங்கப்பா பேரை நான் போடவே இல்லையே, இது ஐரோப்பாவில் எங்கேயோ இருந்தவர்களின் சொல்லாச்சே என்று வக்கீல் மாதிரி ஆரம்பித்தேன். தேவி என்னை முடிக்க விடவில்லை.

"பேரு போடல, சரி. எங்க குப்பத்துல கூட்டத்துக்குச் சொல்றது ஒரே வூடு. அது எங்க வூடு. படிக்கிறவனுக்குத் தெரியாதா?"

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. குப்பத்துப் பஞ்சாயத்தில் ஐந்து பேர். ஒருவர் இறந்துபோய்விட்டார். அந்த இடத்துக்குக் கன்னியப்பன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று தலைமுறையாகக் கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்ட குடும்பத்திலிருந்து முதல் தடவையாக ஒருவர் பஞ்சாயத்தார் உட்காரும் பாயில் உட்காரப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். அதற்குள் குப்பத்து வாட்ஸப்பில் இந்தப் பக்கம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"அடிமை எப்டி பாயில உக்காருவான், புக்குலயே போட்டுகீதுன்னு சொல்லிகினு திரியறாங்க மேடம். எங்க நைனா நேத்துலேர்ந்து சோறு துன்னல." அதுவரை சண்டைக்கோழியாக நின்றவள் அந்த இடத்தில் அழுதுவிட்டாள். "ஞாயித்துக்கெயம வந்து அது தப்புன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

தலைமைப் பதிப்பாசிரியரிடம் போனேன். கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். "அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். கூட்டத்துக்கெல்லாம் போகாதீங்க. புத்தகம் தப்புன்னு நாமளே நம்ம வாயால சொன்னா எல்லாப் பள்ளிக்கூடமும் திருப்பி அனுப்பிடும்" என்றார்.

"ஆபீஸ் சார்பா போகல சார். எழுதினவ போறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை, அது போதும் என்று வந்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாளும் ஒரு பேச்சு தயாரித்தேன். நாலு பக்கம். அதில் கன்னியப்பனைத் தூதர் ஆக்கியிருந்தேன். இந்தச் சொல்லிலிருந்துதான் ஒரு நாட்டின் தூதருக்கே பெயர் வந்தது, ஆகவே அவர் இந்தக் குப்பத்தின் தூதர் என்று முடியும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கைதட்டு நிச்சயம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். கோவில் வாசல் கொட்டகையில் பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது இடம் காலி. ஆண்கள் எதிரே மணலில், பெண்கள் ஓரமாக நின்றுகொண்டு. தேவி என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கொட்டகைத் தூணை ஒட்டி வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர்தான் கன்னியப்பன் என்று காட்டினாள். சின்ன வயசில் எங்கள் கடையைத் தாண்டிப் போனவர் இவர்தான். எல்லோரும் வந்தாகிவிட்டது, யாரும் பேச்சை ஆரம்பிக்கவில்லை. எனக்காகக் காத்திருக்கிறார்களோ என்று சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

"உங்களுக்காக இல்ல. நைனா சொல்லணும்" என்று தேவி காதோடு சொன்னாள்.

கன்னியப்பன் நிமிர்ந்தார். கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். "எல்லா வூட்டுக்கும் சொல்லியாச்சு" என்றார். அதன் பிறகுதான் தலைவர் வாயைத் திறந்தார்.

தன்னை உட்காரவைப்பதா வேண்டாமா என்று பேசப்போகிற கூட்டத்துக்கு அவரே வீடு வீடாகப் போய் ஆள் அழைத்திருக்கிறார். அந்தப் படத்தை அனுப்பியவர்கள் வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

பெரிய மீசை வைத்த ஒருவர் எழுந்து, போனைப் பார்த்து என் வரியைச் சத்தமாகப் படித்தார். "நாமளா சொல்றோம்? படிச்சவங்க எயுதிகீறாங்க. பசங்க இஸ்கூல்ல படிக்கிற புக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். எழுதியவர் வந்திருக்கிறார் என்று தேவி கையைத் தூக்கினாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நாலு பக்கத்தையும் கையில் எடுத்தேன். தூதர் நாக்கு நுனியில் நின்றார். அப்போது கன்னியப்பனின் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை புத்தகம் தன்னை என்னவென்று சொல்லப் போகிறதோ என்று காத்துக்கொண்டிருந்த முகம். தூதர் என்றாலும் இவர்கள் நம்பத்தான் போகிறார்கள். அடிமை என்று நான் எழுதியதற்கு எவ்வளவு ஆதாரம் இருந்ததோ, இவரைத் தூதர் என்று சொல்லவும் அவ்வளவுதான் இருந்தது. கசப்பாக ஒரு ஊகத்தைக் கொடுத்துவிட்டு இப்போது இனிப்பாக இன்னொன்றைக் கொடுக்க வந்திருக்கிறேன். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"நான் அண்ணாச்சி கடைப் பொண்ணு. இதை எழுதுனது நான்தான். இந்தச் சொல்லை யாரும் பாத்ததும் இல்ல, கேட்டதும் இல்ல. படிச்சவங்க கூடி ஊகிச்சது. ஊகம்னு காட்ட ஒரு குறி போடணும், அவசரத்துல நான் அதை எடுத்துட்டேன். உங்க ஊரை அதுல கொண்டுபோய்ச் சேத்தது அதைவிடப் பெரிய தப்பு. இங்க ஒருத்தரைக்கூட நான் கேக்கல. கன்னியப்பன் அண்ணன் இந்த ஊர்ல யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அப்ப புக்குல போட்டது தப்பா?" என்றார் மீசைக்காரர்.

"தப்புதான்."

ஓரத்தில் நின்ற ஒரு மீன்காரம்மா, கூடையைக் கீழே வைத்துவிட்டு, "கேக்காம எயுதிட்டேன்னு சொன்ன இல்ல? இப்ப கேளு" என்றார்.

அதிகாரமாகச் சொன்னார். நானும் கேட்டேன். "அவர் இந்த ஊருக்கு யாரும்மா?"

"என் வூட்டுக்காரரு கடலுக்குப் போனவரு திரும்பல. அதுலேர்ந்து எங்க வூட்ல ஆம்பள இல்ல. ஆம்பள இல்லாத வூட்டுக்குக் கூட்டம்னு யாரு வந்து சொல்லுவா? இவுரு மொத வூடா எங்க வூட்டுக்குத்தான் வருவாரு. நீ இன்னா சொல்லணுமோ சொல்லு, அங்க நான் சொல்றேன்னு கேட்டுகினு போவாரு. கேட்டத அப்டியே சொல்லுவாரு."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வீடு விட்டுப்போனாலும் அங்கே எடுக்கும் முடிவு செல்லாது என்றார் ஒருவர். இவர் 'சொல்லியாச்சு' என்று சொல்லாமல் கூட்டம் தொடங்காது என்றார் இன்னொருவர். தலைவர் சிரித்துக்கொண்டே, "நெசந்தான். ரெண்டு தபா, ஒரு வூடு பாக்கி கீதுன்னு என்னியே வாய மூட வெச்சிட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மீசைக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நானு இன்னா வேணாம்னா சொன்னேன்? புக்குல கீதேன்னு கேட்டேன்" என்றார்.

தலைவர் காலி இடத்தைக் கையால் தட்டினார். "கன்னியப்பா, வந்து உக்காரு."

கன்னியப்பன் பாய்க்குப் போகவில்லை. மணலில் நடந்து என்னிடம் வந்தார்.

"இந்தப் புக்கு எத்தினி எடத்துக்குப் போய்கீது?"

"நூத்திப் பதினேழு."

"இங்க கீறவங்களுக்குச் சொல்லிட்ட. அவங்களுக்கு?"

"அடுத்த பதிப்புல மாத்தி..."

"அத்த வுடும்மா. அது வேற புக்கு. இந்தப் புக்கு கீற எடத்துக்கெல்லாம் நீ போய்ச் சொல்லணும். சொல்லியாச்சுன்னு வந்து சொல்லு. அப்பால நான் உக்காறேன்."

"இன்னா நைனா இது" என்று தேவி பதறினாள். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவர் குரலில் கோபம் இல்லை. ஒரே தொழிலில் இருக்கிற ஒருவர் இன்னொருவரிடம், நீ பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டாய் என்று சொல்லும் தொனிதான் இருந்தது. சரி அண்ணே என்றேன்.

அடுத்த நாலு மாதம் சனிக்கிழமையும் விடுப்பு நாளும் எனக்கு அதுதான் வேலை. கிடங்கில் இருந்த பிரதிகளைத் தலைமைப் பதிப்பாசிரியரே நிறுத்திவைத்தார், திருத்தச் சீட்டும் அச்சடித்துக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான். தேவி தன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டினாள். காட்டுப்பள்ளி வரை போனோம். ஒவ்வொரு பள்ளியிலும் புத்தகத்தை வாங்கி, சொல்லுக்கு முன்னால் பேனாவால் நட்சத்திரம் போட்டு, 'நம் ஊரில்' வரியை அடித்து, சீட்டை ஒட்டி, என்ன நடந்தது என்று வாயாலும் சொன்னேன். ஒரு தலைமையாசிரியர், முன்னாடியே ஒழுங்காகப் பார்த்திருக்கக் கூடாதா என்று பிடிபிடியென்று பிடித்தார். வாங்கிக்கொண்டேன். கொடுங்கையூரில் ஒரு சிறுமி, "அப்ப புக்குல இருக்கறதெல்லாம் தப்பா மிஸ்?" என்று கேட்டாள். "எல்லாம் இல்ல கண்ணு, இது நான் கேக்காம எழுதினது" என்றேன். வெயிலில் கறுத்துப்போனேன், முட்டி வலியும் அப்போது பிடித்ததுதான். ஆனால் இந்த உத்தியோகத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் என்றால் அந்த நாலு மாதத்தைத்தான் சொல்வேன்.

நூற்றுப் பதினாலு முடிந்தது. மூன்று கிடைக்கவில்லை. ஒன்றை மாற்றலாகிப் போன ஆசிரியை கையோடு கொண்டுபோய்விட்டார், எந்த ஊர் என்று தெரியவில்லை. ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்தவர் திருப்பித் தரவில்லை. ஒன்று எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கெல்லாமோ விசாரித்துப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

அடுத்த ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். பாயில் ஐந்தாவது இடம் அப்படியே காலியாக இருந்தது. கன்னியப்பன் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். சொல்லியாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷர் உட்கார்ந்துவிடுவார். தேவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று புத்தகத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று என் மனசும் சொன்னது.

"நூத்திப் பதினாலு எடத்துல சொல்லியாச்சு அண்ணே. மூணு கெடைக்கல" என்றேன்.

அவர் தூணை விட்டு என் பக்கம் வந்தார்.

"வூடு பூட்டிகினு இருந்தா நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா? பக்கத்து வூட்ல சொல்லிட்டு வருவேன். அவங்களப் பாக்கும்போது இவங்க சொல்லிடுவாங்க. அதுவும் சொன்ன கணக்குதான்" என்றார். "மூணுக்கும் பக்கத்து வூட்ல சொல்லிடுவியா?"

"சொல்லிடறேன் அண்ணே."

"அப்ப சரி."

காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, பாயில் போய் உட்கார்ந்தார். தேவி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். நானும்தான்.

அந்த மூன்று புத்தகமும் இன்னும் வெளியே எங்கேயோ இருக்கின்றன. பள்ளிக்கூட அலமாரியில் இருக்கலாம், பழைய புத்தகக் கடையில் இருக்கலாம், யார் வீட்டுப் பரண்மேலாவது கிடக்கலாம். இனி இந்த வேலையில் நாலு இடத்துக்குப் போய் நாலு புத்தகத்தைப் புரட்டப்போகிறவர்கள் நீங்கள்தான். என்றைக்காவது ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒரு நட்சத்திரம் போட்டு, கடைசி வரியை அடித்துவிட்டு, அங்கே இருப்பவரிடம் வாயாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவேன் என்று கன்னியப்பன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்து வீடு நீங்கள்தான்.